குட்டி யானையின் வயிறு

பழைய குட்டி யானை ஒன்றை விலை பேசும் இடத்தில் போய் நின்று பாருங்கள். டயர் எப்படி, எஃப்.சி. எது வரைக்கும், மைலேஜ் எவ்வளவு என்று வரிசையாகக் கேள்விகள் வரும். டேங்க் எத்தனை லிட்டர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைச் சுற்றி ஓடப்போகும் வண்டி என்றால் அது தேவையில்லாத கேள்விதான். கொடைக்கானலுக்கு ஏறப்போகும் வண்டி என்றால்?

டாடா ஏஸ் 2005 மே மாதம் விற்பனைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் என்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. டேங்க் 30 லிட்டர். அதற்கு முன்பிருந்தே ஓடிய டாடா 207 போன்ற பிக்கப்களுக்கு இதைவிடப் பெரிய வயிறு. 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்துக்கே 40 லிட்டர். ஆனால் விலையும் செலவும் குறைவு என்பதால் குட்டி யானைதான் ஊர் ஊராகப் பரவியது. பழனி மலைத் தொடரும் விலக்கல்ல. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று எங்கே பார்த்தாலும் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, வாழை ஏற்றிக்கொண்டு இந்தச் சின்ன வண்டிகள் நிற்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டும் இவற்றில்தான் இறங்குகிறது.

மலையில் வண்டி ஓட்டுபவர்கள் பலர் சொல்லும் குறை ஒன்றுண்டு. "முப்பது லிட்டர் எந்த மூலைக்கு? கம்பெனிக்காரன் டேங்கில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டான்." இது உண்மையா? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இடையில் ஏறத்தாழ 55 கி.மீ. மலைப்பாதை. வண்டியும் முழுச் சுமையும் சேர்ந்து 1,550 கிலோ. இதை 1,800 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பிளஸ் டூ இயற்பியலில் வரும் நிலை ஆற்றல் கணக்குதான். சுமார் 27 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாஜூல். அடடே, முக்கால் லிட்டர் போதுமே என்று தோன்றும்! ஆனால் டீசலின் ஆற்றலில் 30 சதவீதம் சக்கரத்துக்குப் போனாலே பெரிய விஷயம். மீதி எல்லாம் சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் சூடாகப் போய்விடும். ஆகவே உயரத்துக்கு மட்டும் இரண்டரை லிட்டர். சமவெளியில் லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் வண்டி என்று வைத்துக்கொண்டால், 55 கி.மீ. தூரத்துக்கு மூன்று லிட்டர். மொத்தம் ஐந்தரை லிட்டர். அதாவது மலை ஏறும்போது அதே வண்டியின் மைலேஜ் பத்துக்கு இறங்கிவிடுகிறது.

அப்படிப் பார்த்தாலும் 30 லிட்டர் குறைவா? மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் வழியாக வத்தலக்குண்டு போய்த் திரும்பினால் 180 கி.மீ. வரும். ஏற்றத்துக்கும் சேர்த்து 15 லிட்டருக்குள் முடிந்துவிடும். டேங்கில் பாதி மிச்சம். கம்பெனி வைத்த டேங்க் போதும். அதில் டீசல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி!

இருப்பதில்லை என்பதுதான் பதில். சொந்த வண்டி ஓட்டுபவர் யாரும் "ஃபுல் பண்ணுங்க" என்று சொல்வது அபூர்வம். 2024-ல் டீசல் லிட்டர் 92 ரூபாயை ஒட்டி விற்றது. 30 லிட்டருக்கு 2,700 ரூபாய்க்கு மேல். வண்டிக்கு மாதத் தவணை, இன்சூரன்ஸ், டயர் என்று நூறு செலவு இருக்கும்போது அவ்வளவு பணத்தை யார் டேங்கில் முடக்குவார்கள்? வாடகை கையில் வந்த பிறகுதான் டீசல். அதுவரை ஐந்நூறுக்கு அடி, முந்நூறுக்கு அடி. ஐந்நூறு ரூபாய்க்கு ஐந்தரை லிட்டர்கூட வராது. மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். வத்தலக்குண்டில் ஐந்நூறுக்கு அடித்துக்கொண்டு முழுச் சுமையோடு ஏறும் வண்டி, கொடைக்கானலுக்குச் சற்று முன்னாலேயே மூச்சு விட்டுவிடும். சீசன் நாளில் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே நெரிசலில் மாட்டினால் அதற்கும் முன்னாலேயே. 2025 கோடையில் கொடைக்கானலுக்குள் வரும் சுற்றுலா வாகனங்களை வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று கட்டுப்படுத்த நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால் நெரிசலின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. புத்தகத்தில் 30 லிட்டர் என்று இருந்தாலும் அத்தனையும் என்ஜினுக்குக் கிடைக்காது. பல வருடம் ஓடிய டேங்கின் அடியில் துருவும் கசடும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். பாதி காலியாகக் குளிரில் நிற்கும் டேங்கில் காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் இறங்கும். கொடைக்கானலின் இரவுக் குளிரைச் சொல்லத் தேவையில்லை. டீசல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்தால் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். அவ்வளவுதான், ஏர் லாக்! பெட்ரோல் வண்டி போல டீசலை ஊற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் கிளம்பாது. பம்பில் காற்றை எடுக்க வேண்டும். இருட்டில், மழையில், லோடோடு, வளைவில் நின்றுகொண்டு. மீட்டர் முள்ளை நம்பலாமா என்றால், ஏற்றத்தில் ஒன்று காட்டும், இறக்கத்தில் வேறொன்று காட்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து இறக்கத்தில்தான். டீசல் குறைவாக இருந்தால் நியூட்ரலில் விடும் ஆசை வருகிறது. சிலர் என்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். ஏறும்போது சேர்த்த அந்த 27 மெகாஜூலும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். கியரில் இறங்கினால் பெரும்பகுதியை என்ஜின் தாங்கும். நியூட்ரலில் இறங்கினால் முழுவதும் பிரேக்கில் சூடாகும். சூடேறிய பிரேக் பிடிக்காது. பூஸ்டர் உள்ள வண்டியில் என்ஜினை அணைத்தால் மிதி கல்லாகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் தானாகவே டீசலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜின் சும்மா சுற்றுவதற்கு டீசல் செலவாகிறது. மிச்சம் பிடிப்பதாக நினைத்து உயிரைப் பணயம் வைக்கிறார்கள். மிச்சமோ ஒன்றுமில்லை.

பெரிய டேங்க் வைத்தால் தீருமா? அமெரிக்காவில் 1980-களின் ஷெவர்லே எஸ்-10 போன்ற சின்ன பிக்கப்களுக்குக் கூடுதல் விலையில் பெரிய டேங்க் கொடுத்தார்கள். அங்கே ஊருக்கும் ஊருக்கும் இடையே தூரம் அதிகம், நிரப்பப் பணமும் இருந்தது. இங்கே 60 லிட்டர் டேங்க் வைத்தாலும் அதில் ஐந்நூறு ரூபாய் டீசல்தான் இருக்கும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய டேங்கை வெல்டிங் வைத்து மாட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. டீசல் வாடை போகாத டேங்கில் வெல்டிங் வைப்பது வெடிகுண்டில் தீ வைப்பது போல.

டேங்கை நிரப்பினால் எடை கூடும் என்ற வாதமும் நிற்காது. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம். கூடுதலாகப் பதினைந்து லிட்டர் அடித்தால் பன்னிரண்டரை கிலோ. ஏற்றும் லோடுக்கு முன்னால் அது ஒரு எடையா?

இது பழைய வண்டிக்கு மட்டுமான கதை என்றும் நினைக்க வேண்டாம். 2022-ல் அறிமுகமான ஏஸ் மின்சார வண்டியின் பேட்டரி 21.3 யூனிட். முழுச் சுமையோடு கொடைக்கானல் ஏறினால் உயரத்துக்கே அதில் பாதியளவு போய்விடும். இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்பது அதன் நல்ல குணம். ஆனாலும் மலையில் கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும், உயரத்தையும் எண்ண வேண்டும் என்ற பாடம் மாறவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொடைக்கானல் மலைப்பாதைகளில் மரங்கள் விழுந்து வழி அடைபட்டது, மின்சாரம் போனது. அப்படி ஒரு நாளில் டேங்கில் இருப்பதுதான் டீசல். வழியில் அடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மலையில் பாதி டேங்கைக் காலி டேங்க் என்றே எண்ண வேண்டும். அதற்குக் கீழே முள் இறங்கிய வண்டி ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. பழைய வண்டி வாங்குபவர் டேங்கைக் கழற்றிக் கழுவிவிட்டு ஓட்ட வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் டிரைவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. லோடு ஏற்றச் சொல்லும் வியாபாரியும் விவசாயியும் வாடகை முழுவதையும் சரக்கு இறங்கிய பிறகே கொடுக்கும் வழக்கம் இருக்கும்வரை டேங்க் நிரம்பாது. வாடகையில் டீசல் பங்கை மட்டும் லோடு ஏற்றும்போதே கொடுத்துவிட்டால் யாருக்கும் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. சரக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும், ஓட்டியவரும் வீடு போய்ச் சேருவார்.