ஜெராய் மலைப் பெரணியும் நம் ஆற்றுத் தண்ணீரும்

குருன், பெடோங், சுங்கைப் பட்டாணி பக்கத்துத் தோட்டத்து மக்களுக்கு குனோங் ஜெராயை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1,217 மீட்டர் உயரம். பெரட்டுக்கு நிற்கும்போதே கண்ணில் படுகிற மலை. இப்படிப்பட்ட மலைக்காடுகளில், ஓடையோரப் பாறையிலும் மரத்திலும் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டு ஒரு பெரணிச் சாதி வளர்கிறது. இலையின் கனம் பெரும்பாலும் ஒரே ஒரு செல்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்ணாடித்தாள் போலத் தெரியும். ஈரத்தை இலையாலேயே குடிக்கும். மேலே நிழல் தரும் மரம் சாய்ந்து வெயில் இறங்கிவிட்டால் சுருண்டு போகும்.

அப்புறம் அங்கே வருவது ரெசாம். மண்மேட்டில் மண்டி, நம் கைகாலைக் கீறுமே, அதுதான். அதுவும் பெரணிதான், மண்ணைப் பிடித்து வைக்கிறது, திட்டமாட்டோம். ஆனால் அது மண்டியிருக்கும் இடத்தில் நிழற்காடு போய்விட்டது.

"செடியா பெரிசு, சோறா பெரிசு?" என்று கேட்பவர்கள் நம்மிலேயே உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங் வட்டாரத்தில், குனோங் இனாஸ் பக்கமிருந்து சேறும் மரக்கட்டையுமாக இறங்கிய வெள்ளத்தில் 3 பேர் மாண்டார்கள். மலையில் டுரியான் போடக் காடு வெட்டியதால் வந்த வினையா என்று அப்போதே கேள்வி எழுந்தது. காடு இருந்தாலும் பெருமழை அடிக்கும்; 2021 ஆகஸ்டில் ஜெராய் அடிவாரத்து யான் வட்டாரம் அதையும் கண்டது. காடும் இல்லையென்றால்?

வெள்ளத்தில் முதலில் நனைவது ஆற்றோரத்து வீடுகள்தான். நிர்வாகி பங்களா எப்போதும் மேட்டில்தான் இருக்கிறது.

பெரணியைப் பிடுங்கிச் சந்தையில் விற்கும் வேலை நமக்கு வேண்டாம். அந்த மெல்லிய இலை வீடு போய்ச் சேருமுன்னே வாடிவிடும்.

இன்னொன்று. பாராகுவாட் மருந்தை 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தார்கள். அதற்குமுன் எத்தனை வருஷம் நம் பெண்கள் அதை முதுகில் சுமந்து அடித்தார்கள்! வேறு களைமருந்துகள் இன்றும் உண்டு. ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் அடிக்கச் சொன்னால் ஏன் என்று மண்டோரைக் கேளுங்கள். நாம் பிரட்டலுக்குப் பறிக்கிற பாக்குக் கொழுந்து அங்கேதான் முளைக்கிறது. பதில் வராவிட்டால் எந்த ஆறு, எந்த நம்பர் காடு, எந்தத் தேதி என்று எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.