மொய் நோட்டு யார் கையில்?



நம்ம பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தை வெளியூரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒருவர் விருந்து வைப்பார், ஊர் சாப்பிட்டு மொய் எழுதும். யார் எவ்வளவு என்பது நோட்டில் ஏறும். நாளைக்கு அவர்கள் விருந்து வைத்தால் இவர் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். மொய் தானம் இல்லை, வட்டியில்லாக் கடன்.

இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு, பெரிய கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுக்கும் நன்கொடையும் எளிதாகப் புரியும். அந்த மொய் வரிச்சலுகையாகவோ, ஒப்பந்தமாகவோ, சட்டத் திருத்தமாகவோ திரும்பிவிடக் கூடாதே என்பதுதான் கவலை. ஏனென்றால், திருப்பிச் செய்யும் பணம் கட்சியின் பணம் இல்லை, நம் பணம்.

இது பழைய கவலை. கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வசதியாகத் தன் நிறுவன விதிகளை மாற்றிக்கொள்ள டாடா இரும்பு எஃகு நிறுவனம் 1957-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அனுமதித்தார். ஆனால் இது வளர்ந்தால் ஜனநாயகத்துக்கே ஆபத்து என்றும் எச்சரித்தார். 1969-இல் கம்பெனி நன்கொடைக்கே தடை வந்தது. 1985-இல் தடை நீங்கி, உச்சவரம்பு வந்தது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு வரை கொடுக்கலாம். எந்தக் கட்சிக்கு என்பதையும் கணக்கில் காட்ட வேண்டும்.

2017 நிதிச் சட்டம் இந்த இரண்டு வேலிகளையும் பிடுங்கிவிட்டது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், யாருக்கென்று சொல்ல வேண்டாம். 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. விற்கும் உரிமை பாரத ஸ்டேட் வங்கிக்கு மட்டும். ரிசர்வ் வங்கி முன்பே ஆட்சேபித்திருந்தது. தேர்தல் ஆணையம் இது பின்னோக்கிய நடவடிக்கை என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. எதுவும் எடுபடவில்லை.

நன்கொடையாளரைப் பிற கட்சிகள் பழிவாங்காமல் இருக்கவே ரகசியம் என்றது அரசு. அந்த ரகசியம் யாரிடமிருந்து? கொடுத்தவருக்குத் தெரியும். தான் கொடுத்ததைக் கட்சியிடம் சொல்லிக்கொள்ள அவருக்குத் தடையில்லை. விற்ற வங்கியோ அரசின் வங்கி. தெரியாமல் இருந்தவர் வாக்காளர் மட்டும்தான்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து இந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். யார் பணத்தில் கட்சி நடக்கிறது என்பதை அறிவது வாக்காளரின் உரிமை என்றார்கள். விவரம் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது வங்கி. நீதிமன்றம் மறுத்தது. பட்டியல் மார்ச் மாதமே வெளியில் வந்துவிட்டது.

மொத்தம் விற்றது 16,500 கோடி ரூபாய்க்கு மேல். மதிப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் வாங்கிய பத்திரமா அது? அதிகம் பெற்றது மத்தியில் ஆளும் பா.ஜ.க. காங்கிரஸ், திரிணமூல், தி.மு.க. என்று மற்றவர்களும் வாங்கினார்கள். அதிகம் கொடுத்த நிறுவனம் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. அதில் 509 கோடி தனக்கு வந்ததாக தி.மு.க.வே தெரிவித்தது. 2003-இல் லாட்டரியைத் தடை செய்த மாநிலம் நம்முடையது. வாங்கவில்லை என்று சொன்ன இடதுசாரிக் கட்சிகளையும் குறிப்பிடுவதுதான் நியாயம்.

பணம் கொடுத்த எல்லோரும் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை. சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஆனால் நோட்டைப் பார்த்தால்தானே மொய்யா, லஞ்சமா, மிரட்டலுக்குப் பயந்து கொடுத்ததா என்று கேட்கவே முடியும்?

வரம்பு இப்போது மீண்டும் 7.5 விழுக்காடு. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் அந்த அறிக்கை வருவதற்குள் பல நேரம் தேர்தலே முடிந்துவிடுகிறது. நன்கொடை வந்த சில நாட்களிலேயே பெயரும் தொகையும் வெளியாக வேண்டும், ஓட்டுப் போடும் முன் நாம் பார்க்க வேண்டும். நம் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்.

உங்களில் வங்கி அதிகாரிகள் இருக்கிறீர்கள், ஆடிட்டர்கள் இருக்கிறீர்கள், மூன்று நான்கு கட்சிகளின் கிளைச் செயலாளர்களும் இருக்கிறீர்கள். கட்சிக்காரப் பிள்ளைகள் இதை உங்கள் தலைமையிடமே கேளுங்கள். மற்றவர்கள் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். சண்டை வேண்டாம், கணக்கோடு வாருங்கள். வகுப்பில் சொன்னதுதான்: விடை மட்டும் போதாது, வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு.