வலி நின்ற பின்னும் களிம்பு வேண்டும்

விடியற்காலையில் கண் திறந்ததும் ஊசி தைத்தாற்போன்ற வலி எழுகிறது. நீர் தாரையாக வழிகிறது. மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் கண் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. “ஒன்றும் தெரியவில்லையே” என்று உடன் வந்தோர் நோயாளியையே ஐயுறுகின்றனர். அவ்வையம் அநீதியானது.

குழந்தையின் நகமோ தாளின் ஓரமோ கருவிழியில் இட்ட கீறல் சில நாள்களில் மூடிக்கொள்ளும். ஆயினும் புதிய மேற்படலம் தன் அடித்தளத்தை இறுகப் பற்றுவதற்குப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். உறக்கத்தில் கண்ணீர் குறைவதால் இமை அப்படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. விழிக்கையில் அதைப் பெயர்த்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் பட்ட காயமும் இவ்வாறு திரும்ப வரலாம்.

இரவில் இடும் களிம்பு இவ்வொட்டுதலைத் தடுக்கிறது. 5 விழுக்காடு உப்புக் களிம்பாயின் படலத்தில் ஊறிய நீரையும் ஈர்த்துக்கொள்ளும். வலி நின்றதும் களிம்பை நிறுத்துவது பரவலான வழக்கம். படலம் வேரூன்றுவதோ வலியற்ற அம்மாதங்களில்தான். குறைந்தது 3 மாதமேனும் இடையறாது இடுவதே தக்கது என்பேன். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் வேண்டும். காலையில் கண்ணைக் கசக்காமல் மெல்லத் திறத்தல் நன்று.

இவற்றால் அடங்காதோர்க்குக் காப்பு கான்டாக்ட் லென்ஸ், வைரமுனைக் கருவியால் மெருகிடுதல், எக்சைமர் லேசர் ஆகியன உள்ளன. முதல் நாளே லேசரைக் கேட்க வேண்டியதில்லை. பலருக்குக் களிம்பே போதும்.

பரிசோதனையின்போது இடப்படும் மரப்புச் சொட்டு மருந்தை மட்டும் வீட்டிற்குக் கேட்காதீர்கள். அது வலியை மறைக்கும். புண் ஆறுவதைத் தடுக்கும். தொடர்ந்து இட்டால் கருவிழியையே கரைத்துவிடக்கூடும்.