நீர் காட்டிய வழி

நுழையும்முன்

வழி என்பது மண்ணில் விழுந்த கோடு மட்டுமன்று. ஒரு மக்கள்கூட்டம் எங்கு உழுதது, எதைச் சுமந்தது, எந்த நீரை நம்பியது என்பதற்கான சான்று. தென் ஸ்பெயினின் மலைச்சிற்றூர்களைச் சுற்றியுள்ள நடைவழிகள் இன்று உலகெங்கிலுமிருந்து நடையர்களை ஈர்க்கின்றன. அவ்வழிகளைக் காப்பவர் யார், காக்க வேண்டியவர் யார் என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது.

மலையும் ஊரும்

ஸ்பெயினின் தென்பகுதியான அண்டலூசியாவில், கிரானடா நகரத்தின் தென்கிழக்கே எழுந்து நிற்பது சியரா நெவாடா மலைத்தொடர். ‘பனி படர்ந்த மலைத்தொடர்’ என்பது அப்பெயரின் பொருள். அதன் கொடுமுடியாகிய முலாசென் ஏறத்தாழ 3480 மீட்டர் உயரமுடையது. ஐபீரியத் தீவக்குறையில் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. அத்தொடரின் தெற்குச் சரிவே அல்புஹாரா. அங்குள்ள பொக்கெய்ரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என்னும் மூன்று சிற்றூர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவைத்தாற்போல அமைந்துள்ளன.

வெள்ளையடித்த சுவர்களும் தட்டையான கூரைகளும் அவ்வூர் வீடுகளின் அடையாளம். செஸ்ட்நட் மர உத்தரங்களின்மீது கற்பலகைகளைப் பரப்பி, அவற்றின்மேல் ‘லௌனா’ என்னும் நீர்புகாச் சாம்பல்நிற மண்ணை இட்டுக் கூரை அமைப்பர். ஊரின் எல்லையைத் தாண்டியதும் படிக்கட்டு வயல்களும், வாதுமை, அத்தி, செஸ்ட்நட் மரங்களும் தொடங்கும். அவற்றினூடே ஒற்றையடிப் பாதைகள் மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்லும். அப்பாதைகள் பலவற்றின் அருகே தெளிந்த நீரோடும் சிறு வாய்க்கால் ஒன்று உடன்வரும். அது தற்செயலன்று.

நீர் முன்னே, வழி பின்னே

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோட்டத்தையும் வழியையும் ஒருங்கே குறிக்கும். அல்புஹாரா நிலத்தில் அவ்விரு பொருளும் கண்முன்னே ஒன்றாகின்றன. பனியுருகிய நீரைச் சரிவின் குறுக்கே கொண்டுசெல்லும் வாய்க்காலை அம்மக்கள் ‘அசேக்கியா’ என்பர். அச்சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. அரபு ஆட்சிக் காலத்தில் விரிவாக வெட்டப்பட்ட அவ்வாய்க்கால்களைப் பேணுவோர் நாள்தோறும் கரையில் நடந்தனர். மடை திறக்கவும், அடைப்பு நீக்கவும், உடைப்புக் கட்டவும் நடந்த கால்களே பாதையை உருவாக்கின. வயலுக்கும் ஆலைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் கழுதைகள் சென்ற தடங்கள் அவற்றோடு இணைந்தன.

1492ஆம் ஆண்டில் கிரானடா அரசு வீழ்ந்தபின், கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான இசுலாமியர் ‘மொரிஸ்கோ’ எனப்பட்டனர். தம் மொழியும் உடையும் வழக்கங்களும் தடைசெய்யப்பட்ட நிலையில் 1568ஆம் ஆண்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மூன்றாண்டுப் போரின் முடிவில் தோற்ற அம்மக்கள் அந்நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஸ்பெயினின் வடபகுதிகளிலிருந்து புதுக்குடிகள் கொண்டுவரப்பட்டன. வந்தவர்களுக்கு நீர்முறை கற்பிக்கவென ஊருக்குச் சில மொரிஸ்கோ குடும்பங்கள் நிறுத்திவைக்கப்பட்டதாக வாய்மொழிச் செய்தி வழங்குகிறது. செய்தியின் உண்மை எவ்வாறாயினும், வாய்க்கால்கள் அழியவில்லை. வென்றவர்களும் தோற்றவர்களின் நீரறிவைக் கொண்டே வாழ வேண்டியிருந்தது. இன்று அப்பாதையில் நடப்பவர் துரத்தப்பட்ட ஒரு மக்களின் உழைப்பின்மீது நடக்கிறார் என்பதை மறத்தலாகாது.

ஒழிந்த ஊர்களும் வந்த நடையர்களும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை அம்மலையூர்கள் பலவற்றுக்குக் கால்நடையும் கோவேறு கழுதையுமே போக்குவரத்து. ஆங்கில எழுத்தாளர் ஜெரால்டு பிரெனன் 1920ஆம் ஆண்டில் யேஹென் என்னும் அல்புஹாரா ஊரில் குடியேறினார். 1923ஆம் ஆண்டில் அவரைக் காணவந்த புதின ஆசிரியர் வர்ஜீனியா உல்ஃப் மலைப்பாதையில் கோவேறு கழுதையின்மீது செல்ல நேர்ந்தது. அக்காலத்தில் அப்பாதைகள் பொழுதுபோக்குக்குரியன அல்ல. சந்தைக்கும் மணவினைக்கும் மருத்துவத்துக்கும் அவையே வழி.

அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் வேலை தேடி மக்கள் பார்சிலோனாவுக்கும் மாட்ரிட்டுக்கும் பிற ஐரோப்பிய நாடுகளுக்கும் பெயர்ந்தனர். ஸ்பெயினின் உள்நாட்டு ஊர்கள் பலவும் இவ்வாறே ஒழிந்தன. ‘வெறுமையாக்கப்பட்ட ஸ்பெயின்’ என்னும் தொடர் அந்நாட்டு அரசியலில் ஒரு முழக்கமாகவே ஆயிற்று. 2019 மார்ச் 31 அன்று சிற்றூர் மக்கள் திரளாக மாட்ரிட்டில் கூடிப் பேரணி நடத்தித் தம் ஊர்களுக்கு நீதி கேட்டனர். ஆள் குறைந்த ஊரில் முதலில் மறைவது பாதை; முள்ளும் புதரும் இரண்டு மூன்று மழைக்காலங்களில் அதனை மூடிவிடும்.

அந்நிலையில் வந்தவர்களே நடையர்கள். ஐபீரியத் தீவக்குறையின் தென்முனையான தரீஃபாவிலிருந்து வடக்கே செல்லும் ‘ஜி.ஆர். 7’ என்னும் நெடுவழி அல்புஹாரா ஊர்களின் ஊடாகச் செல்கிறது. சியரா நெவாடாவை வட்டமிடும் ‘சுலைர்’ என்னும் வழி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுடையது. 1999ஆம் ஆண்டில் அம்மலைத்தொடரின் உயர்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. விடுதிகளும் உணவகங்களும் பெருகின. பூட்டிய வீடுகள் சில மீண்டும் திறந்தன. நடையர்களால் ஊர் பிழைத்தது என்னும் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று.

தெரிந்து தெளிவோம்

ஸ்பெயினின் நடைவழிகளுக்கு வண்ணக்குறிகள் உண்டு. வெள்ளையும் சிவப்பும் 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுவழியையும், வெள்ளையும் மஞ்சளும் இடைத்தர வழியையும், வெள்ளையும் பச்சையும் 10 கிலோமீட்டருக்குக் குறைந்த உள்ளூர் வழியையும் குறிக்கும். இரு கோடுகள் பெருக்கல் குறிபோல் வரையப்பட்டிருப்பின், ‘இவ்வழி செல்லற்க’ என்பது பொருள்.

கசிவு வீணா?

அல்புஹாராவின் வாய்க்கால்களுள் ஒருவகை ‘கரேயோ’ எனப்படும். இளவேனிலில் பனி உருகும்போது, மலையின் உயரத்தில் வெட்டிய கால்களின் வழியாக நீரைத் திருப்பி, பாறைப்பிளவுகள் நிறைந்த சரிவுகளில் வேண்டுமென்றே கசியவிடுவர். மண்ணுக்குள் இறங்கிய நீர் மெல்ல நகர்ந்து, வாரங்களோ மாதங்களோ கழிந்தபின், கோடையில் கீழுள்ள ஊற்றுகளில் வெளிப்படும். அணையின்றியே மலையை நீர்த்தேக்கமாக்கிய அறிவு இது. வாய்க்கால் கரையின் செஸ்ட்நட் மரங்களும் புல்வெளிகளும் இக்கசிவினாலேயே வாழ்கின்றன.

மண்வாய்க்காலில் நீர் வீணாகிறது. சிமெண்டு பூசினாலோ குழாய் பதித்தாலோ மிச்சப்படும் என்பது ஒரு தரப்பினர் வாதம். அதனை எளிதில் புறந்தள்ள முடியாது. மண்வாய்க்காலை ஆண்டுதோறும் தூர்வார வேண்டும்; அதற்கு ஊரில் ஆள் வேண்டும். முதியோரே எஞ்சிய ஊரில் மண்வெட்டி பிடிக்கும் கைகள் எத்தனை? பயணிகள் கண்டு மகிழ்வதற்காக நாங்கள் ஏன் முதுகொடிய வேண்டும் என்று உழவர் ஒருவர் கேட்பின், அக்கேள்வியில் நேர்மை இருக்கிறது.

எனினும் கணக்கு அவ்வளவில் முடிவதில்லை. குழாய்க்குள் சென்ற நீர் தான் சேரும் வயலை மட்டும் நனைக்கும். கரைமரம் காயும், கீழுள்ள ஊற்று வற்றும். நீரைப் பேண நடந்தவர் நடையை நிறுத்துவர். பாதை புதருள் மறையும். ஒருவருடைய வயலில் மிச்சமானதாகத் தோன்றும் நீர், மற்றோர் ஊரின் ஊற்றிலிருந்து கழிக்கப்பட்டதாக முடியலாம். ஆகவே கசிவை இழப்பென்று கொள்வது கணக்கின் ஒருபக்கத்தை மட்டும் படிப்பதாகும்.

கூலி யாருடையது?

கிரானடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடந்த பத்தாண்டுகளில் ஊர்மக்களோடும் தன்னார்வலர்களோடும் இணைந்து, கைவிடப்பட்ட வாய்க்கால்கள் சிலவற்றைத் தூர்வாரி மீண்டும் நீரோடச் செய்துள்ளனர். எந்தக் கால் எவ்வழியே சென்றது என்பதை முதியோரே காட்டவேண்டியிருக்கும். அம்முதியோர் மறைவதற்குள் அவ்வறிவைக் கற்றுக்கொள்ள இளையோர் வேண்டும். இம்முயற்சி போற்றத்தக்கது, ஆனால் தன்னார்வத்தை மட்டும் நம்பி ஒரு மலைத்தொடரின் நீரமைப்பைக் காக்க இயலாது.

பாதையால் ஈட்டும் வருவாயின் ஒரு பங்கு, பாதையைப் பிறப்பித்த வாய்க்காலுக்குச் சேரவேண்டும் என்பதே முறை. விடுதி வாடகையிலும் உணவக வரவிலும் மலையின் அழகு விலையாகிறது. அவ்வழகை உண்டாக்கும் மண்வெட்டிக்கு மட்டும் கூலி இல்லையெனில் அதனை வளர்ச்சி என்று கூறவியலாது. தூர்வாரும் பணியைப் பழம்பெருமை என்று பாராட்டுவதோடு நில்லாமல், ஊதியமுள்ள தொழிலாக ஏற்க வேண்டும். அவ்வாறாயின் இளைஞர் சிலரேனும் ஊரில் தங்குவர். நீரும் வழியும் ஒருங்கே காக்கப்படும்.

நடையர்க்கும் கடமை உண்டு. வாய்க்கால் கரையை மிதித்து உடைக்காதிருத்தலும், கால்நடைக்கான படலைத் திறந்தால் மீண்டும் சாத்துதலும், குறியிட்ட வழிவிட்டு வயலுள் இறங்காதிருத்தலும் சிறு செயல்களே. அதற்கும் மேலாக, நடக்கும் வழியின் வரலாற்றை அறிதல் வேண்டும். வண்ணக்குறி திசையைக் காட்டும், உழைத்தவரைக் காட்டாது.

பொக்கெய்ராப் பள்ளத்தாக்கில் இன்றும் நீரோடுகிறது. வெட்டியவர் போயினர், ஆண்டவர் மாறினர், மொழியும் மாறிற்று. ஒவ்வோர் இளவேனிலிலும் எவரோ ஒருவர் மண்வெட்டியோடு மலையேறியதால்தான் அந்நீர் நிற்கவில்லை. அடுத்த இளவேனிலில் ஏறப்போகிறவருக்கு உரிய கூலியையும் மதிப்பையும் இன்றே உறுதிசெய்தல், அவ்வழியில் நடந்து பயன்பெறும் அனைவரின் பொறுப்பாகும்.