மெயில் பாக்ஸுக்கு எல்லை வேண்டும்

"உங்கள் மெயில் பாக்ஸ் நிறைந்துவிட்டது." அலுவலகக் கம்ப்யூட்டரில் இப்படி ஒரு செய்தி வந்தால் நமக்கு உடனே கோபம் வருகிறது. கடையில் டெராபைட் கணக்கில் டிஸ்க் கிடைக்கும்போது, சில ஜிபி இடம் தர மூக்கால் அழுகிறாரே என்று சர்வரைக் கவனிக்கும் அட்மினைத் திட்டுகிறோம். என்னைக் கேட்டால் எல்லை வைத்தது சரிதான். ஆனால், அதோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை.

பல நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரை எடுத்துக் கொள்வோம். இதில் ஒவ்வொருவர் மெயிலும் தனித்தனி பைலாக இருப்பதில்லை. பலருடைய மெயில் பாக்ஸ்கள் சேர்ந்து, 'இடிபி' என்ற துணைப் பெயருடன் ஒரே டேட்டாபேஸ் பைலில் உள்ளன. எக்ஸ்சேஞ்ச் 2003 ஸ்டாண்டர்ட் பதிப்பில் இந்த பைல் 16 ஜிபியைத் தொட்டால் டேட்டாபேஸ் நின்றுவிடும். 2005ல் வந்த சர்வீஸ் பேக் 2 இதனை 75 ஜிபி வரை உயர்த்த வழி செய்தது. பிந்தைய பதிப்புகளில் இவ்வளவு சிறிய எல்லை இல்லை. அப்படியானால் எல்லை எதற்கு?

டிஸ்க் கெட்டுப் போனால் அந்த பைல் முழுவதையும் பேக் அப்பிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். பைல் பெரிதானால் அதற்கு ஆகும் நேரமும் கூடும். அதுவரை அதில் உள்ள அனைவரும் காத்திருக்க வேண்டியதுதான். பின்னர் மெயில்களை அழித்தாலும் பைல் சுருங்காது. காலியான இடத்தில் புது மெயில்கள் அமரும், அவ்வளவுதான். எனவே, எல்லையை முதலிலேயே வைத்துவிட வேண்டும்.

இனி அட்மின் பக்கம் வருவோம். சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் லாக் பைலில் எழுதப்படுகிறது. எக்ஸ்சேஞ்ச் 2007 முதல் ஒரு லாக் பைலின் அளவு 1 எம்பி. வழக்கமான அமைப்பில், முறையாக பேக் அப் முடிந்த பிறகே சர்வர் இவற்றை நீக்கும். பேக் அப் எடுக்காமல் விட்டால் லாக் பைல்கள் குவிந்து டிஸ்க் நிறையும், டேட்டாபேஸ் நிற்கும், யாருக்கும் மெயில் வராது. அப்போது பதற்றத்தில் லாக் பைல்களைக் கையால் அழிப்பவர்கள் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. டேட்டாபேஸில் இன்னும் சேராத மாற்றங்கள் அவற்றில்தான் இருக்கும்.

"இரண்டு சர்வர்களில் காப்பி இருக்கிறது, பேக் அப் எதற்கு?" என்றும் சிலர் கேட்கிறார்கள். ஒரு மெயிலை அழித்தால் மற்ற காப்பிகளிலும் அது அழிந்துவிடும். மாறா நிலையில், முழுமையாக நீக்கிய மெயிலை 14 நாட்கள் வரைதான் சர்வர் வைத்திருக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்தான். அவுட்லுக் 2002 வரை பிஎஸ்டி பைலுக்கு எல்லை 2 ஜிபி. அதை எட்டினால் பைல் கெட்டுவிடலாம். இன்று எல்லை பெரிது, ஆனால் ஹார்ட் டிஸ்க் கெட்டால் எல்லாம் போய்விடும். அவுட்லுக்கை மூடிவிட்டு, அந்த பைலை வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்து வையுங்கள்.

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால் முதலில் பெரிய அட்டாச்மெண்ட்களை நீக்குங்கள். பிறகு அட்மினிடம் கேளுங்கள்: "பேக் அப்பிலிருந்து மெயிலைத் திரும்ப எடுத்துக் கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தீர்கள்?" அவர் உடனே தேதி சொன்னால் உங்கள் மெயில் நல்ல கைகளில் இருக்கிறது.