மூன்று வயதில் மூடிவிடும் கதவா?

மூன்று வயதுக்குள் அன்பு கிடைக்காத பிள்ளையின் மூளை அப்படியே இறுகிவிடும், வளர்ப்புக் குடும்பத்துக்கு வரும் பதினைந்து வயதுப் பையனுக்கு இனி உறவு ஒட்டாது என்பது பரவலான வாதம். தொடக்க ஆண்டுகள் முக்கியம் என்பது சரி. அதற்குப் பின் வருபவை வீண் என்று யார் நிறுவினார்கள்?

ஒன்று: ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், காப்பகக் குழந்தைகள் 136 பேரில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். இரண்டு வயதுக்குள் போனவர்களே அதிகம் தேறினர், உண்மைதான். ஆனால் அதே குடும்பத்தில் நிலைத்தவர்கள், இடம் மாற்றப்பட்டவர்களைவிட 12 வயதில் நலமாக இருந்தனர். அப்படியானால் பழி மூளைக்கா, வீடு மாற்றியவர்களுக்கா?

இரண்டு: காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளின் மந்தமான கார்ட்டிசால் (மன அழுத்த ஹார்மோன்) எதிர்வினை, பருவமடையும்போது மற்றப் பிள்ளைகளின் அளவை நெருங்கியது. உளவியலாளர் மெகன் கன்னரின் குழு 2019-இல் வெளியிட்டது இது. மூடிய கதவு பதின்வயதில் திறக்குமா?

மூன்று: தட்டைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தாலே அந்தப் பதினைந்து வயதுப் பையன் எழுந்து சுவரோரம் போய்விடுகிறான். இது அன்பை ஏற்க முடியாத மூளை அல்ல. அடிபட்ட குழந்தைகள் கோபமுகத்தை மிகக் குறைந்த தடயத்திலேயே கண்டுகொள்வதை செத் போலக் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார். அடி விழும் வீட்டில் கற்ற பாடம் அது. அடி விழாத வீட்டில், நூறாவது முறையும் தட்டு மட்டுமே வைக்கப்படும்போது, அவன் மெல்ல உட்காரத் தொடங்குகிறான்.