எல்லைக் கோடும் மக்கள் நலமும்

வீடு பெரிதாயின் அறைகள் வேண்டும். நாடு பெரிதாயின் பிரிவுகள் வேண்டும். பிரிவின்றி ஆட்சி நடவாது. ஆயினும், அப்பிரிவு யார்பொருட்டு என்னும் வினாவை மறத்தல் தகாது.

நிலத்தைப் பகுத்து ஆளும் முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. சோழர் காலத்தில் தொண்டை மண்டலம் கோட்டங்களாகவும், கோட்டம் நாடுகளாகவும், நாடு ஊர்களாகவும் வகுக்கப்பட்டிருந்தது. பல்லாவரத்தை அடுத்த திரிசூலம், கல்வெட்டுகளில் திருச்சுரம் எனப் பெயர் பெறும். அது புலியூர்க் கோட்டத்துச் சுரத்தூர் நாட்டில் அடங்கியிருந்தது. இன்று மாவட்டம், வட்டம் என்பன அவற்றின் இடத்தில் நிற்கின்றன.

தாம்பரத்தின் வரலாற்றை நோக்குவோம். நெடுங்காலம் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1997ஆம் ஆண்டில் அம்மாவட்டம் இரண்டானபோது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாகவே, தாம்பரமும் அதன்பால் வந்தது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம் முதலிய 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி தோன்றிற்று. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். கோடுகளே இடம் பெயர்ந்தன.

இம்மாற்றங்களால் பயன் உண்டோ எனின், உண்டு. தாம்பரத்தார்க்குக் காஞ்சிபுரத்தினும் செங்கற்பட்டு அண்மையது. நேரே செல்லும் இருப்புப்பாதையும் உண்டு. ஆட்சியரிடம் குறை கூறச் செல்லும் கூலியாளனுக்கு அரைநாட் கூலி மிஞ்சுமாயின், அதுவே பிரிவினையின் பயனாகும். இழப்பும் இல்லாமல் இல்லை. 10 மன்றங்கள் இருந்த இடத்தில் இன்று 70 உறுப்பினர் கொண்ட ஒரே மன்றம் உள்ளது. நிதியும் அதிகாரமும் பெருகலாம்; ஆனால், தெருவிளக்கு எரியாமையைச் சொல்லச் செல்பவனுக்கு மன்றம் தொலைவாகிவிடலாகாது.

மற்றொன்றும் கருதத் தக்கது. செம்பாக்கம் ஏரியின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்கின்றது. ஏரி தாம்பரம் மாநகராட்சியைச் சார்ந்தது. சதுப்பு நிலமோ சென்னை மாநகராட்சியைச் சார்ந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகியபோது, முடிச்சூரிலும் சென்னையிலும் வீடுகள் நீரில் மூழ்கின. வெள்ளம் எல்லைக் கல்லைக் கண்டு நிற்பதில்லை. மேலூரார் கால்வாயைத் தூர்த்தால் கீழூரார் மட்டுமன்றித் தாமும் துன்புறுவர். ஆதலின், எல்லையின் இருபுறத்தாரும் கலந்து செயலாற்றுதல் கடமையாகும்.

வேலி பயிரின் பொருட்டே இடப்படுவது. அவ்வாறே, எல்லைகளும் மக்கள் நலத்தின் பொருட்டே வகுக்கப்படுவன. அந்நலத்தையே அளவுகோலாகக் கொண்டு அவற்றின் நன்மை தீமைகளை ஆராய்தல் குடிமக்கள் கடனாகும்.